டச்சப் அக்கா கை வைத்த மூன்று படங்கள்

குடும்பப் படம் எடுப்பவர்களை டச்சப் அக்கா திட்டிய அளவுக்கு அந்தத் தெருவில் யாரும் யாரையும் திட்டியிருக்க மாட்டார்கள். போனைத் தூக்கிப் பிடித்து ஒரே அமுக்கு. ஒருத்தி கண்ணை மூடியிருப்பாள், ஒருவன் மூக்கை நோண்டிக்கொண்டிருப்பான், பின்னால் உள்பாவாடை காய்ந்துகொண்டிருக்கும். அதை டச்சப் செய்யச் சொல்லி இவள் கடைக்கு ஓடி வருவார்கள். "மனுஷங்களா நீங்க? ரெண்டு நொடி சும்மா நிக்கத் தெரியாதா?" என்று கத்திக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பாள். கொடியைத் துணியோடு கழற்றிவிட்டு ஒரு மரத்தை நடுவாள். சிடுமூஞ்சிக்கு வாயை மாற்றுவாள். ஒட்டிய இடம் எள்ளளவும் தெரியாது. அவள் வாயைப் பொறுத்துக்கொண்டு ஊரே வந்தது அதனால்தான்.

நாற்பத்தாறு வயது, தனிக்கட்டை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "தினமும் பத்து குடும்பத்தைப் பெரிசு பண்ணிப் பாக்கறேன், போதும்" என்பாள்.

டயர் கடைக்காரன் இரண்டு வருடத்தில் மூன்று முறை வந்தான். படத்தில் அவன், மனைவி, பதினாறு வயது மகள். முதல் படத்தில் மனைவியின் உதடு கிழிந்திருந்தது. அடுத்ததில் கழுத்தில் நான்கு விரல் தடம். மூன்றாவதில் இடது கண் வீங்கி மூடியே போயிருந்தது. "கீழ விழுந்துட்டாக்கா. சரி பண்ணி, சிரிக்கிற மாதிரி வெச்சிடுங்க" என்றான், மூன்று முறையும். கீழே விழுந்தவள் கழுத்தில் விரல் எப்படி வந்தது என்று கேட்க நாக்கு துடித்தது. நமக்கேன் வம்பு என்று விட்டுவிட்டாள். முகப்பருவை அழிப்பது போல எல்லாவற்றையும் அழித்தாள். ஊரையே ஏசுகிற வாய், ஏச வேண்டியவனிடம் மட்டும் மூடிக்கொண்டது. அதற்குச் சாக்கு கிடையாது.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த மனைவியே வந்தாள். வலது கையில் மாவுக்கட்டு.

"அக்கா, நேத்து கைய ஒடச்சிட்டான். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தேன். அவன் வந்து நீங்க செஞ்ச மூணு படத்தையும் மேஜைல போட்டான். 'எப்பவும் சிரிச்சிட்டிருக்கிறவ, வழுக்கி விழுந்துட்டு எம்மேல பழி போடறா'ன்னான். இன்னைக்கு மத்தியானம் சமாதானம் பேசி அவனோட அனுப்பிடுவாங்க. போனா பொணமாத்தான் வெளிய வருவேன். நீங்க அழிச்சதெல்லாம் எனக்குத் திரும்ப வேணும்க்கா."

கை வைக்காத பழைய படங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. டச்சப் அக்கா தேடி எடுத்து பிரிண்டருக்கு அனுப்பினாள். முதல் தாள் பாதி வெளியே வந்தபோது டயர் கடைக்காரன் உள்ளே வந்தான். கையில் வீல் ஸ்பானர்.

முதல் அடியில் திரை குழிந்து இருண்டது. அடுத்த அடிகள் கீழே இருந்த கம்ப்யூட்டர் பெட்டிக்கு. உள்ளே இருந்ததெல்லாம் துண்டு துண்டாகத் தரையில் சிதறும்வரை அவன் நிறுத்தவில்லை. பாதித் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தான். பிறகு ஸ்பானரைப் போட்டுவிட்டு, மனைவியின் கட்டுப்போட்ட கையைப் பிடித்து முறுக்கினான். அவள் அலறிய அலறலில் எதிர்க்கடைத் தையல்காரர் ஊசியும் நூலுமாக ஓடிவந்தார். அதற்குள் டச்சப் அக்கா ஃபிரேம் போட வைத்திருந்த மரச்சட்டத்தை எடுத்து அவன் காதோடு சேர்த்து ஒன்று விட்டாள். பயமே இல்லை அவளுக்கு, வெறும் ஆத்திரம், பாதி அவன்மேல், பாதி தன்மேல். இன்னொன்று விட்டாள். காது கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அவன் திரும்பி அவள் முகத்தில் குத்தினான். மூக்கெலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்தவளை விலாவில் உதைத்தான், மறுபடி உதைத்தான். தெருவே சேர்ந்து அவனைப் பிய்த்து எடுத்து, மூவரையும் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனது.

அங்கே மகள் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் சண்டையே இல்லை என்று சொல்வதற்காக அப்பன் வரச்சொல்லியிருந்தான். மேஜைமேல் அந்த மூன்று படங்கள்.

"படம் பொய்யின்னா ஒரிஜினலக் காட்டுங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"கம்ப்யூட்டரோட ஒடச்சிட்டான் மேடம். அவன் போன்ல மட்டும் விட்டு வெச்சிருப்பானா?" என்றாள் டச்சப் அக்கா.

"அப்ப நான் எதை வெச்சு எழுதறது?"

டச்சப் அக்கா மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு படங்களின்மேல் குனிந்தாள். அடுத்தவர் படத்தில் குறை தேடும் கண்ணால் தன் வேலையை அன்றைக்குத்தான் பார்த்தாள். பார்த்ததும் காது மடல் சுட்டது. மனைவி சிரித்த படம் அவனிடம் ஒன்றுகூட இருக்கவில்லை. அதனால் முதல் படத்தில் பக்கத்தில் நின்ற மகளின் வாயை எடுத்து அம்மாவுக்கு ஒட்டியிருந்தாள். அடுத்த இரண்டுக்கும் அதே வாய். யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்ற அலட்சியம்.

"மேடம், மேல்பல்லப் பாருங்க. மூணுலயும் இவளுக்குத் தெத்துப்பல். இப்ப இவ வாயத் திறக்கச் சொல்லுங்க."

மனைவி வாயைத் திறந்தாள். வரிசைப் பல். தெத்துப்பல் இல்லை.

பதினேழு வருடம் அவளோடு குடித்தனம் செய்தவன் அவன். அந்தப் படங்களைச் சுவரில் மாட்டி, தினமும் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டவன். அவன் கண்ணில் அது பட்டதே இல்லை.

"அப்ப இது யாரு பல்லு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். மகள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"வாயத் திறந்த, கொன்னுடுவேன்!" என்று அப்பன் எழுந்தான். எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கு மறந்துபோனது. நான்கு போலீஸ்காரர்கள் பார்க்க, விட்டான் ஒரு அறை. மகளின் தலை சுவரில் மோதியது. அவர்கள் அவன் கையைப் பின்னால் முறுக்கித் தரையில் அமுக்கினார்கள். அம்மா ஒற்றைக் கையால் மகளைத் தூக்கப் போனாள். மகள் தானே எழுந்து நின்றாள். வாயைத் திறந்து, ரத்தத்தோடு தெத்துப்பல்லைக் காட்டினாள்.

"எங்கேருந்து சொல்லட்டும் மேடம்? நேத்துலேருந்தா, எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேருந்தா?"

இன்ஸ்பெக்டரம்மா பாதி எழுதியிருந்த சமாதானக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒரு கட்டுத் தாள் எடுத்தார்.