இருவர் மழித்த ரேசர்

2011இல் ஒரகடத்தில் வாகன உதிரி பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். பெயின்ட் அறைக்குள் போகிறவர்கள் முகத்தோடு ஒட்டி உட்காரும் முகமூடி போட்டாக வேண்டும். கன்னத்தில் தாடி முள் இருந்தால் முகமூடி சரியாக ஒட்டாது, நெடி உள்ளே வரும். அதனால் ஷிஃப்ட் தொடங்கும் முன் சூப்பர்வைசர் ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்து ஒவ்வொருவர் தாடையிலும் தேய்ப்பார். இழை சிக்கினால் அன்று உள்ளே விடமாட்டார்.

எனக்கு அடிக்கடி சிக்கியது.

"இன்னா தம்பி, ஷேவ் பண்ணிக்கினு வந்தியா, இல்ல மூஞ்சி மட்டும் கழுவிக்கினு வந்தியா?" என்றார் ஒருநாள். குரலை உயர்த்தவில்லை. இன்னொரு முறை இப்படி வந்தால் ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அந்த வேலை போனால் அருப்புக்கோட்டைக்குத் திரும்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

குறை என் ரேசரில் இருந்தது. அதில் பிளேடின் விளிம்பு வெளியே தெரிந்தும் தெரியாமலும்தான் இருக்கும். முகத்தில் வைத்தால் வைத்த சுவடே இருக்காது. ஆனால் என் முடி கம்பி மாதிரி. மூன்று முறை சோப்பு போட்டு இழுத்தாலும் குரல்வளைக்குப் பக்கத்தில் முள் நிற்கும். நான்காவது முறை இழுத்தால் தோல் எரியும். சாதுவான ரேசர்தான் என் கழுத்தைப் புண்ணாக்கி வைத்திருந்தது.

படப்பையில் ஒரு மாடி அறையில் என்னோடு தங்கியிருந்தவன் நாங்குநேரிப் பக்கத்துக்காரன். அதே கம்பெனியில் வேறு லைனில் வேலை. அவன் ரேசர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய பித்தளை ரேசர். கீழ்த்தகட்டில் சீப்பு மாதிரிப் பற்கள், அவற்றுக்கு மேலே துணிந்து நீட்டிக்கொண்டிருக்கும் பிளேடு. ஒரே இழுப்பில் கன்னம் சுத்தமாகிவிடும். அவன் முகத்தில் ஒரு கீறல்கூட நான் பார்த்ததில்லை.

"இது கோவக்காரன். அமுக்குனா கடிச்சிரும். அதோட கனத்துலயே இறங்கட்டும், நீ சும்மா பிடிச்சாப் போதும்" என்று சொல்லி என்னிடம் கொடுத்தான்.

வேகமாக வெட்டுவது கட்டாயம் வலிக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரு இழுப்பில் எவ்வளவு முடி போகிறது என்பது ஒன்று. தோல்மேல் எவ்வளவு மூர்க்கமாகப் பாய்கிறது என்பது வேறு. மழித்து முடித்ததும் முகம் இதமாக இருக்கிறதா என்பது மூன்றாவது. அவன் கையில் அந்த மூர்க்கமான ரேசர் இதமாகவே இருந்தது. என் கையில் முதல் வாரம் தினமும் இரண்டு இடத்திலாவது ரத்தம் வந்தது. படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டு ஓடுவேன். ஆனால் பஞ்சு சிக்கவில்லை. இரண்டு மாதம் அந்த ஒரே ரேசரில் இருவரும் மழித்தோம், பல நாள் ஒரே பிளேடில்.

அப்போது கம்பெனியில் ரத்த தான முகாம் நடந்தது. அவன் கொடுத்தான். எனக்கு அன்று ஷிஃப்ட் மாறியிருந்ததால் கொடுக்கவில்லை. சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து அவனை நேரில் வரச் சொன்னார்கள். போய்விட்டு மதியம் வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"என் ரத்தத்துல ஹெபடைடிஸ் பி இருக்காம். கல்லீரல்ல வாறது. ரத்தம் வழியா ஒட்டுமாம். ஒங்க ரேசர வேற யாரும் எடுத்தாங்களான்னு கேட்டாவ. நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துருல."

என் கை தானாகத் தாடைக்குப் போனது. காலையில் பட்ட வெட்டு இன்னும் காயவில்லை. உனக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். இன்றைக்குத்தான் என்றான். நான் நம்பவில்லை, அதை மறைக்கவும் இல்லை. அவன் திருப்பிக் கேட்டான்.

"ஒன்கிட்டேருந்து எனக்கு வந்திருந்தா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை அரசு மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தேன். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். நடுவில் அந்த மூன்று நாளும் என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தேன். பாயை எதிர்ச் சுவர் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டேன். அவன் வெளியே மெஸ்ஸில் சாப்பிடத் தொடங்கினான். நான் மறுபடி என் பழைய ரேசருக்குப் போயிருந்தேன். பஞ்சு சிக்கியது. சூப்பர்வைசர் திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று மட்டும் கேட்டு, அந்த வாரம் பேக்கிங்கில் போட்டார்.

வியாழக்கிழமை டாக்டர், எனக்கு இல்லை என்றார். தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னார். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்றார். தட்டு, டம்ளரையெல்லாம் என்ன செய்வது என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார்.

"சாப்பாட்டுல, தட்டுல எல்லாம் ஒட்டாதுப்பா. யாரு சொன்னது உனக்கு?"

யாரும் சொல்லவில்லை.

உன் அறை நண்பனுக்கு அது பெரும்பாலும் பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கும், கூடப்பிறந்தவர்களையும் பார்க்கச் சொல், வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் தாமதிக்க வேண்டாம் என்றார். அவன் தங்கைக்கு நிறைமாதம். ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அதுதான் நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். எனக்கு இல்லை என்றதும் கையிலிருந்த ஈரச் சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தங்கையைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். உடனே போனை எடுத்தான்.

தங்கைக்கும் அது இருந்தது. குழந்தை பிறந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு ஊசி போட வேண்டும் என்று அவள் ஊர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதில் ஒரு ஊசியைத் திருநெல்வேலியிலிருந்து முன்கூட்டியே வரவழைக்க வேண்டியிருந்தது. அவன் லீவு போட்டுக் கிளம்பினான். லைனில் போன் வைத்திருக்கக் கூடாது. நான் டீ இடைவேளையில் ஒவ்வொரு நாளும் லாக்கர் அறைக்கு ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஆறாம் நாள் அவன் கூப்பிட்டிருந்தான். திரும்ப அழைத்தபோது, "ரெண்டு ஊசியும் போட்டாச்சு. பொம்பளப் பிள்ள" என்றான். முதலில் ஊசியைத்தான் சொன்னான்.

பத்து நாள் கழித்து வந்தான். தட்டைத் தனியாக வைத்ததற்கு அன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன்.

"பயந்தவன் செய்யுறதத்தான் செஞ்ச" என்றான். "ஆனா அந்த மூணு நாள என்னால மறக்க முடியாது" என்றான்.

அன்று இரண்டு பேருமாகச் சோறு பொங்கிச் சாப்பிட்டோம். அந்த வார விடுமுறையில் பல்லாவரம் போய், அவன் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பல்வைத்த ரேசர் ஒன்றை எனக்கென்று வாங்கிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்டிலும் எனக்கு ஒன்றும் இல்லை. அவன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரலைச் சோதித்துக்கொண்டான். பிறகு ஓசூரில் வேலை கிடைத்துப் போனான்.

குழந்தைக்கு ஒரு வயதான பிறகு ரத்தம் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. வீட்டிலிருந்து தகவல் வந்ததும் முதலில் எனக்குத்தான் போன் செய்ததாகச் சொன்னான்.