வாள்காரனின் தாளம்

அந்தத் தொடரை முதல் தடவை பார்த்த அன்று நான் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டைக்குப் போனேன். அதைச் சொல்லிவிட்டால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

பழுகாமத்தில் நெல் மில்லில்தான் எனக்கு வேலை, வாலிப வயதிலிருந்து. அன்று பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். கம்பஸில் பகிஷ்கரிப்பு என்று மகளும் வீட்டில் நின்றாள். அவளுடைய லப்டொப்பில் ஜப்பான்காரர் கீறிய படமொன்று ஓடிக்கொண்டிருந்தது. அனிமே என்றாள். பழைய காலத்து வாள்காரன் ஒருவன், சாமுராயாம், ஓலைத் தொப்பியோடு புல்வெளியில் நடந்து போகிறான். அந்த நேரம் பார்த்து டும் டும் என்று நெஞ்சை இடிக்கிற சத்தம், இந்தக் காலத்துப் பெடியள் ஓட்டோவில் போட்டுக்கொண்டு திரிகிற மாதிரி. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வேலியடிக்குப் போய், "ஓட்டோப் பாட்டக் கொஞ்சம் குறைங்க, மனிசர் சாப்பிடுறல்லியா" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி மீன் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓட்டோ ஹயருக்குப் போய் ரெண்டு மணித்தியாலம்" என்றாள்.

உள்ளே வந்தால் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "அது படத்துப் பாட்டுத்தான்ப்பா. பழைய காலத்துக் கதைக்கு இந்தக் காலத்து ஹிப்ஹொப். வேணுமெண்டுதான் அப்பிடிச் செய்திரிக்காங்க."

பிழை பிடிப்பதற்காகவே உட்கார்ந்தேன். எங்கள் ஊர்க் கூத்துக்கு மத்தளம் அடிப்பவன் நான். யாருக்கு எந்தத் தாளம் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கூத்தில் அரசன் களரிக்குள், ஆடுகிற வட்டத்துக்குள், வருவதென்றால் அவனுக்கென்று ஒரு வரவுத் தாளம் இருக்கிறது. சேவகனுக்கு வேறு, அரசிக்கு வேறு. திரைக்குப் பின்னால் நிற்பது யார் என்று ஆளைக் காண முதலே தாளம் சொல்லிவிடும். எந்தக் காலத்திலோ வாழ்ந்த வாள்காரனுக்கு இப்படி அடிக்கிறவன் என்னதான் செய்கிறான், பார்ப்போமே என்று இருந்தேன்.

வாள்காரன் நின்றான். எதிரே நாலு பேர். டும் டும் போய்க்கொண்டேயிருக்கிறது. அவன் வாளைத் தாளத்தில் உருவவில்லை. அடி விழுந்து ஒரு மயிரிழை கழித்து உருவினான். என் கை தன்பாட்டில் தொடையில் தட்டியது. கூத்தில் ஆடி வருகிறவன் தாளம் தீர்த்து நிற்கும்போது, நல்ல ஆட்டக்காரன் என்றால், அந்த மயிரிழையில்தான் காலை வைப்பான். அது எல்லோருக்கும் வராது. ஜப்பானில் மேசையில் குனிந்திருந்து படம் கீறுகிற ஒருவனுக்கு அது எப்படித் தெரிந்தது? அன்று மில்லுக்குப் பிந்தித்தான் போனேன்.

சரித்திரத்தைக் குழப்பிவிட்டார்கள் என்ற குறையும் நெடுநாள் நிற்கவில்லை. மில்லில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தபோது யோசித்தேன். போன கூத்தில் எங்கள் அரசன் கைக்கடிகாரத்தோடு கொலுவுக்கு வந்தான், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, அந்த அரசன் உயிரோடிருந்த காலத்தில் எந்தத் தாளத்துக்கு நடந்தான் என்று யாருக்குத் தெரியும்? நாங்கள்தான் எங்களுடைய தாளத்தை அவன் காலில் கட்டிவிட்டிருக்கிறோம். எத்தனையோ தலைமுறைக்கு முன் செத்தவனை எழுப்பி நடக்கவைக்க இன்றைக்கு உயிரோடிருக்கிறவனின் அடிதான் வேண்டியிருக்கிறது. இத்தனை வருடம் மத்தளம் அடித்தும் இது எனக்குப் படவில்லையே என்று ஊசியைப் பிடித்தபடி நின்றேன். பிறகு ஒவ்வொரு பகலும் ஒரு பாகம் பார்த்தேன்.

அந்த நாட்களில் எனக்கு வேறொரு தலையிடியும் இருந்தது. எனக்குச் சல்லரி போடுகிறவன் மாமியின் மகன், செட்டிபாளையத்து மச்சான், வாவியில் மீன்பிடிக்கிறவன். சல்லரி என்பது கைக்குள் அடங்கும் சோடித் தாளம். அதன் மெல்லிய கிணுகிணுப்பைப் பிடித்துக்கொண்டுதான் மத்தளம் போகவேண்டும். வழக்கமாக எனக்குப் பின்னால் நிற்கிறவன், ஒன்றிரண்டு வருடமாக முன்னால் வந்து, என் முகத்துக்கு நேரே கையை உயர்த்தி உயர்த்திப் போடத் தொடங்கியிருந்தான். ஆளுக்குப் பவுசு கூடிவிட்டது என்று நினைத்தேன். போதாக்குறைக்குச் சத்தமும் குறைவு. ஒருநாள் ஒத்திகையில் எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன்.

"சனம் கூத்துப் பாக்க வாறதா, உன்ட கையப் பாக்க வாறதா? சல்லரியில சத்தத்தக் காணல்ல, ஆட்டம் மட்டும் காட்டுறாய்."

அவன் சல்லரியைத் துணியில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு போனான். பிறகு வரவில்லை. அரங்கேற்றத்துக்கு இன்னும் இரண்டு கிழமை. வேறொருவனை வைத்துப் பார்த்தோம். மத்தளம் ஒரு பக்கம் போனது, ஆட்டக்காரர் இன்னொரு பக்கம் போனார்கள். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் வெற்றிலையை மென்றபடி என்னையே பார்த்தார். மச்சான் இல்லாமல் கூத்துக் களரியேறாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் போய்க் கூப்பிடுவதா என்று வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்கையில்தான் தொடரில் அந்தப் பாகம் வந்தது. ஆற்றங்கரையில் ஒரு பெண், கண்ணை மூடி, மூங்கில் புல்லாங்குழலை உதட்டில் வைக்கிறாள். விரல்கள் அசைகின்றன. வாள்காரன் அசையாமல் நிற்கிறான். குழலில் சத்தமே இல்லை, டும் டும் மட்டும் அடியில் போகிறது. நான் சோற்றுக் கையோடு அப்படியே இருந்துவிட்டேன். கலை என்றால் இதுதான் என்று பட்டது.

"கெட்டிக்காரன்" என்றேன் மகளிடம். "குழலக் கையில குடுத்துப்போட்டு சத்தத்த வைக்காம விட்டிருக்கான் பாத்தியா. நாமளா நினைச்சுக் கேக்கட்டும் எண்டு."

மகள் திரும்பிப் பார்த்தாள். "என்னப்பா சொல்றீங்க? அவ வாசிக்கிறாதானே. நல்ல சத்தமாத்தானே கேக்குது."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டினாள், மேளம்தான் கூடியது. இயர்போனை என் காதில் செருகி மறுபடி போட்டாள். அந்தப் பெண்ணின் விரல்கள் ஓடின, எனக்குக் குழல் மட்டும் கேட்கவில்லை. மகளின் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. "எப்ப இருந்துப்பா?" என்றாள். மில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற வருடங்களைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரைச்சல் மேளத்தையும் பேச்சையும் விட்டுவைத்து மெல்லிய சத்தத்தை மட்டும் தின்றிருக்கிறது. கொஞ்சக் காலமாக எல்லாரும் வாய்க்குள் கதைக்கிறார்கள் என்று நான் எரிந்து விழுந்ததும், சல்லரியில் சத்தமில்லை என்று சபையில் சொன்னதும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வெட்கத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன்.

அடுத்த நாள் மில்லுக்குப் போகவில்லை. அந்தப் பாகத்தை மகளைக் கொண்டு என் போனில் ஏற்றுவித்து, மோட்டார் சைக்கிளில் பாலத்தால் சுற்றிச் செட்டிபாளையத்துக்குப் போனேன். மச்சான் தென்னைக்குக் கீழே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். என்னைக் கண்டும் எழும்பவில்லை.

"எனக்குக் காது கேக்குதில்ல மச்சான்" என்றேன். "சல்லரி கேக்குதில்ல. உன்னில ஒரு பிழையுமில்ல."

"தெரியும்" என்றான், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்ன தெரியும்?"

"ரெண்டு வருசமாத் தெரியும். சல்லரி ஒரு பக்கம் போக நீ இன்னொரு பக்கம் அடிச்சாய். அதுக்குப் பிறகுதான் நான் முன்னுக்கு வந்தன், கேக்காட்டியும் கையப் பாத்து அடிப்பாய் எண்டு."

தாளக்காரன் ஆட்டக்காரர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். இவன் இரண்டு வருடமாகக் களரிக்கு முதுகைக் காட்டி, என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். பின்னால் ஆடுகிற கால்களைக் காதால் மட்டும் பிடித்து, ஒரு தாளமும் பிசகாமல் என் கண்ணுக்குக் கொண்டுவந்து தந்திருக்கிறான். இப்படி ஒரு வித்தையை நான் எந்தக் களரியிலும் கண்டதில்லை. அதைத்தான் பவுசு என்றேன்.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா மத்தளத்தக் கீழ வைப்பாய். உன்ட வீம்பு எனக்குத் தெரியாதா?"

"அரங்கேத்தத்துக்கு வாறியா?"

"வாறன். முன்னுக்குத்தான் நிப்பன்."

"நில்லு" என்றேன். அழுதுவிடுவேன் போலிருந்தது. அதை மறைக்கப் போனை எடுத்து அந்தப் பாகத்தைப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். டும் டும் தொடங்கியதும் புருவத்தை உயர்த்தினான். "இவன் நல்லா அடிக்கிறான்" என்றான். ஆற்றங்கரை வந்தது. பெண் குழலை உதட்டில் வைத்தாள். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கையை நீட்டி என் முழங்காலில் வைத்து, வலை ஊசி பிடித்துக் காய்த்த விரல்களால் மெல்லத் தட்டத் தொடங்கினான். சின்ன விரல் நீட்டி இழுத்தது, நடுவிரல் துள்ளியது, சில இடத்தில் நான்கு விரலும் மழை போல ஓடின. படத்திலிருந்த பெண்ணின் விரல்களும் அவன் விரல்களும் ஒன்றாகப் போயின. நான் மூச்சுவிடாமல் இருந்தேன்.

சட்டென்று விரல்கள் நின்றன.

"முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"இல்ல. மூச்சு எடுக்கிறா. பொறு."

நான் பொறுத்திருந்தேன்.