தேவராஜ் வீட்டு ஈசான மூலை

ஸ்பீக்கர் பெட்டி செய்யும் தொழிலில், பாட்டு நன்றாகக் கேட்டால் பெயர் பாடியவருக்கு; இரைந்தால் திட்டு பெட்டி செய்தவனுக்கு. அப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட சக மெக்கானிக்குகளே, 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் நான் கடை வைத்திருந்தபோது பட்ட பாட்டைக் கேளுங்கள்.

இரண்டு பெட்டிகள்

தேவராஜ் பெங்களூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வடக்குப்பட்டில் புதிதாகத் தளம் போட்டு வீடு கட்டியிருந்தார். என் கடையில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டுத் தலையாட்டிவிட்டு ஒரு ஜோடி பெட்டி வாங்கிப்போனார். பிளைவுட்டை நானே அறுத்து, ஒட்டி, இழைத்த பெட்டிகள். அவற்றின் மேல் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன்?

ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்கு முதல் பிறந்தநாள். லைன் ஆட்கள் எல்லாரும் வருகிறார்கள். அதில் நாலு பேர் பாட்டைக் கேட்டுவிட்டு எனக்கு ஆர்டர் தருவதாக ஏற்பாடு. புதன்கிழமையே தேவராஜ் கடை வாசலில் வந்து நின்றார். பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதாம். ஞாயிறுக்குள் சரியாகாவிட்டால் பெட்டி திரும்பி வந்துவிடுமாம். போகும்போது கேட்டார்: "இன்னா மெக்கானிக்கு, கடையில ஒரு பொட்டிய காட்டிட்டு வூட்டுக்கு வேற பொட்டிய குடுத்தனுப்பிட்டியா?"

கைதட்டல்

மறுநாள் போனேன். மொசைக் தரை, வெறும் சுவர், ஒரே ஒரு நாற்காலி. நடுக்கூடத்தில் நின்று கையை ஒரு தட்டு தட்டினேன். சுவர்கள் திருப்பித் தட்டின. எனக்கு உயிர் வந்தது. குற்றம் பெட்டியில் இல்லை, கூடத்தில்தான். என் கடையில் அட்டைப்பெட்டியும் பழந்துணியும் மண்டிக் கிடந்ததால் இரைச்சல் எழவே வழியில்லை.

அவர் மனைவி மல்லிகா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே உள்ளே குரல் கொடுத்தார்: "ஏங்க, பொட்டிய பாக்க வந்தவரு செவுத்துக்குக் கைதட்டிக்கினு கீறாரு, இன்னான்னு கேளுங்க."

முட்டை அட்டை

சலூனில் வைப்பதுபோல இரண்டு பெட்டிகளையும் லாஃப்டின் மூலைகளில் ஏற்றியிருந்தார்கள். கீழே இறக்கி, சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி, உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு ஸ்டூலில் வைத்தேன். பாதி இரைச்சல் அடங்கியது.

அத்தோடு நின்றிருக்கலாம். யாரோ சொன்னதை நம்பி, ஓட்டலில் கேட்டு வாங்கிய முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டினேன். கீச்சுச் சத்தம் கொஞ்சம் மழுங்கியது. 'தம் தம்' என்ற கனத்த அதிர்வு அப்படியே இருந்தது. வெட்கமாகிவிட்டது. மல்லிகா பொறுமையாகச் சொன்னார்: "அண்ணே, பொண்ணு பொறந்தநாளுக்குக் கூப்ட்டா கோழிப்பண்ணைக்கு வந்துட்டோமான்னு நெனப்பாங்க."

கண்ணாடி

அட்டைகளைப் பிய்த்துவிட்டு ஒழுங்காக ஆரம்பித்தேன். தேவராஜை நாற்காலியில் உட்காரவைத்து, அவருடைய சவரக் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு நகர்த்தினேன். கண்ணாடியில் அவருக்குப் பெட்டி தெரிகிற இடம்தான் ஒலி பட்டுத் திரும்பும் இடம். இரு பக்கமும் அந்த இடத்தில் ஜமக்காளம் தொங்கியதும் பாட்டின் சொற்கள் தெளிந்தன.

மிச்சமிருந்த 'தம் தம்' மூலைகளில் குடியிருந்தது, அதிலும் காலியாக விட்டிருந்த ஈசான மூலையில். மல்லிகாவின் சீர் மெத்தைகளைச் சுருட்டி அங்கே நிறுத்தலாம் என்றேன். ஈசான மூலை சாமி மூலை, அங்கே பாரம் ஏற்றக்கூடாது என்று தேவராஜ் குறுக்கே நின்றார். சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. என் நாலு ஆர்டரும் போனதென்றே நினைத்தேன். மல்லிகாதான் மெத்தையை இழுத்து வந்து மூலையில் நிறுத்தினார்: "எலவம்பஞ்சுல இன்னா பாரம் கீது? சாமிக்கு அதுகூடவா தெரியாது?"

ஞாயிற்றுக்கிழமை

கூடம் நிறைய ஆட்கள். தேவராஜ் கேசட்டைப் போட்டார். 'தம் தம்' மெத்தைக்குள் அடங்கிப்போயிருந்தது. தபலாவில் விரல் பட்டுப் பட்டு எடுப்பதுகூடத் தனித்தனியாகக் கேட்டது. பேச்சு தானாக நின்றது. வாசற்படியில் நின்றிருந்த எனக்குக் கண் கலங்கியது, பெருமைதான், வேறென்ன.

பாட்டு முடிந்ததும் தேவராஜ் எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டார்: "பொட்டி மேல கொறையே இல்ல, என் வூட்டத்தான் இவரு ரிப்பேர் பண்ணாரு." வெல்டிங் செக்‌ஷன்காரர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்: "எனக்கும் இதே மாரி ஒரு ஜோடி போடுப்பா. மெத்தையும் நீயே தர்றியா, இல்ல மாமனார் வூட்ல கேக்கணுமா?"

அன்றிலிருந்து, ஸ்பீக்கர் வேண்டும் என்று யார் வந்தாலும், எத்தனை வாட்ஸ் என்று கேட்பதற்கு முன்பு வீட்டில் எத்தனை மெத்தை என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.