ஈரலில் விழுந்த கீறல்

கறிக்கூடத்தில் எல்லோரும் அவளைக் கத்தியக்கா என்பார்கள். ஆடு வெட்டுபவள் இல்லை; வெட்டிய ஆட்டைச் சோதிப்பவள். ஈரலை விரலால் அழுத்துவாள், ஓரத்தில் சாய்வாக ஒரு கீறல் போடுவாள். உள்ளே நீர்க்கட்டி இருந்தால் நீலச் சாயம் ஊற்றி எரிக்கும் உலைக்கு அனுப்பிவிடுவாள். அந்தக் கட்டியைத் தின்னும் நாயின் குடலில் புழு வளரும். நாயின் கழிவில் வரும் முட்டை நம் கைவழியாக வாய்க்குப் போய், நம் ஈரலிலும் கட்டியாகும்.

அவள் தம்பிக்கு அப்படித்தான் வந்தது. கறிக்கூடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் வீட்டு நாய்களைப் பராமரித்தவன். கட்டி விழுந்த ஈரலை உலைக்கு அனுப்பாமல் நாய்க்குப் போட்டவர் அந்தக் குத்தகைக்காரர். கடைசி ஏழு வாரம் அவனைப் புரட்டிப் போட்டதும் துடைத்ததும் அவர்களின் பெரியம்மாவான நான்தான். கட்டி உள்ளேயே உடைந்து போய்ச் சேர்ந்தான். அவள் அழவில்லை. பரீட்சை எழுதி அதே கூடத்துக்கு வேலைக்கு வந்தாள்.

இரண்டு வருஷம் அவர்மேல் ஒன்றும் அகப்படவில்லை. ஒரு காலை முப்பத்தெட்டு ஆடு. ஈரல் ஆட்டோடு சேர்ந்து தொங்க வேண்டும் என்பது விதி. அன்று தட்டில் தனியாக வந்தது.

"கொக்கி உடைஞ்சு போச்சு மேடம்," என்றார் குத்தகைக்காரர்.

அவள் ஒவ்வொன்றாகக் கீறினாள். எல்லாம் சுத்தம். ஒன்பதாவது ஈரலின் ஓரத்தில் ஏற்கெனவே சாய்வாக ஒரு கீறல்.

"இந்த ஆடு பிறக்கும்போதே என் கீறலோட பிறந்துச்சா?"

"அவசரத்துல மாறிடுச்சு. ஒரு ஈரல்தானே."

பின்கட்டு டிரம்மைத் திறக்கச் சொன்னாள். பதினொரு ஈரல், கட்டி கட்டியாக, நாய்க்காக எடுத்து வைத்திருந்தது; அவற்றுக்குப் பதிலாகத்தான் அவள் பார்த்து அனுப்பிய சுத்தமான ஈரல் மறுபடி தட்டுக்கு வந்திருந்தது. எது எந்த ஆட்டுடையது என்று தெரியாவிட்டால் அன்றைய கறி மொத்தமும் உலைக்குத்தான்.

அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "தம்பிக்காகப் பழி வாங்குறீங்க."

"ஆமா. ஆனா ஈரல் உங்களோடது."

முப்பத்தெட்டுக்கும் சாயத்தை அவளே ஊற்றினாள். அவர் உரிமமும் போனது.

சாயங்காலம் நீலக் கையோடு என்னிடம் வந்தாள். டீ கொடுத்தேன்.

"மனசு ஆறுச்சா?"

"கொஞ்சம், பெரியம்மா. நாயைக் கொஞ்சுற ஆளாச்சே, உங்களுக்கும் கட்டி இருக்கலாம், ரத்தம் குடுத்துப் பாருங்கன்னு அவருகிட்ட சொன்னேன். முகம் வெளுத்துப்போச்சு. உடனே ஓடிப்போய்க் குடுத்துட்டு வந்து, முடிவு எப்போ வரும்னு கேட்டாரு. ஏழு வாரம்னேன்."

"அவ்வளவு நாளா ஆகும்?"

"மூணு நாள்," என்றாள், டீயை ஊதிக்கொண்டே.