கடலேறி வந்த சொல்

இங்கிலீசில் 'டேக்' என்றொரு சொல் இருக்கிறது என்று நான் அறிந்த நாட்களில், எங்கள் வீட்டுக்கு அதைவிடப் பெரிய கவலை தென்னோலை. மாரி தொடங்குமுன் ஓலை கிடைக்க வேண்டும்.

சண்டை எங்களை வடக்கே மன்னார்ப் பக்கத்திலிருந்து தோணியேற்றிக் கற்பிட்டிக் கரையில் இறக்கிவிட்டிருந்தது. ஒரு தென்னந்தோட்டத்து மூலையில் குடிசை. தோட்டத்துச் சொந்தக்காரி நல்ல மனுஷி, மாமி என்போம். தானாக விழுகிற ஓலையும் அவருடையதுதான். கூரைக்குக் கிடுகு பின்னவும், குடிசையைச் சுற்றி வேலியடைக்கவும் உம்மா ஓலை கேட்டிருந்தார். "பாப்பம் புள்ள" என்றிருந்தார் மாமி. நல்ல மனிதர் சொல்லும் 'பாப்பம்' எந்தப் பக்கம் சாயும் என்று யார் கண்டது?

வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, மாமியின் மகளுக்கு அந்தி நேரங்களில் இங்கிலீசு சொல்லிக்கொடுத்தார். ஊரைவிட்டு வரும்போது எல்லோரும் பானை சட்டி தூக்க, இவர் தடித்த அகராதியைத் தூக்கி வந்து ஏச்சு வாங்கியவர்.

அன்று மாமி வீட்டு விறாந்தையில் 'டேக்' பாடம். குளிப்பது டேக். பஸ் ஏறுவது டேக். படம் பிடிப்பது, மருந்து குடிப்பது எல்லாம் டேக். நானும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னத்தச் செஞ்சாலும் எடுக்கிறதுதானா?" அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமி சிரித்தார். "அதான் வந்த வெள்ளக்காரன் நம்மட நாட்டையும் எடுத்தான்!"

சாச்சாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அந்தச் சொல்லே அவங்கட இல்ல மாமி. வடக்குப் பக்கத்தால வள்ளத்துல வந்த ஆக்கள் கொண்டுவந்தது. முதல்ல தொடுறது எண்டுதான் கருத்தாம். பொறகுதான் புடிக்கிறது, எடுக்கிறது எல்லாம்."

"அதுக்கு முந்தி அவங்களுக்குச் சொல் இல்லையா?" என்றாள் மகள்.

"இருந்திச்சு. வந்த சொல்லு நிண்டுட்டு. இருந்தது இல்லாமப் போச்சு."

எனக்கு அந்தச் சொல்லின் மீது பெரிய பாசம் வந்துவிட்டது. "வடக்கில இருந்து வள்ளத்துல வந்ததெண்டா, எங்களப் போலயா சாச்சா?"

மாமியின் கையில் சுளகு நின்றது. சாச்சா அகராதியை மூடினார். நான் விடுவேனா? "அப்ப இருந்த சொல்லு எங்க போச்சு?"

"நல்ல மூளக்காரி" என்றார் மாமி. சுளகைச் சுவரில் சாத்திவிட்டு, "இருட்டுது, ஊட்டுக்குப் போங்க" என்றார்.

மறுநாள் காலை தோட்டத்து ஆள் ஓலைகளை இழுத்துவந்து போட்டார். கூரைக்குத் தாராளம். வேலிக்கு இல்லை. உம்மா தயங்கித் தயங்கிக் கேட்டதும், பின்னாலேயே வந்திருந்த மாமி என் தலையைத் தடவியபடி சொன்னார்: "வேலி என்னத்துக்குப் புள்ள? வேலி போட்டா உன்ட காணி, என்ட காணி எண்டு ஆயிரும். நாம எல்லாம் ஒரு குடும்பம்தானே."

அகதியாக வந்த பிறகு அவ்வளவு இனிப்பான பேச்சை நான் கேட்டதில்லை. மத்ரசாவில் கண்டவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்: எங்களுக்கு வேலியே தேவையில்லையாம், நாங்கள் மாமியின் குடும்பமாம். அப்படியிருக்க, களப்புத் தண்ணீரில் ஊறவைத்த ஓலையை உம்மா ஏன் விரல் சிவக்க அத்தனை இறுக்கிப் பின்னினார் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.