எரிபந்தம் என்று எழுத மாட்டேன்

என் அப்பா முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்தவர். எங்கள் வீட்டுக்கு நெல் மூட்டையாக வந்துதான் பழக்கம். அது வயலில் எப்படி நிற்கும் என்பதை விவசாயம் படிக்கப் போன பிறகுதான் கிட்டப் பார்த்தேன். இதை நான் ஒருவருக்கும் ஒளித்ததில்லை. ஸ்கந்தபுரத்துக்கு விவசாயப் போதனாசிரியையாகப் போன முதல் வாரத்திலேயே கடை வாசலில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது: "மீன்காரர் வீட்டுப் பிள்ளை வந்து நெல்லுக்கு என்ன நோய் வருத்தமெண்டு சொல்லப் போறாவாம்." நான் சைக்கிளை நிறுத்தி, "ஓம், சொல்லத்தான் வந்திருக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

போரில் நகரத்தை விட்டு ஓடிவந்த கிளிநொச்சிச் சனம் அந்தப் பக்கத்து மரங்களுக்குக் கீழே குடியிருந்த காலம் அது. எங்கள் அலுவலகமும் இடம்பெயர்ந்து ஒரு கிடுகுக் கொட்டிலில் இயங்கியது. ஒரு மேசை, இரண்டு கதிரை, கதவு பூட்டாத அலுமாரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒன்பது குடும்பங்கள், வாய்க்கால் முடிகிற இடத்தில், யாரும் விரும்பாத மணல் நிலத்தில், மாரி மழையோடு வருகிற காலபோகத்துக்கு நெல் விதைத்திருந்தன.

கதிர் வெளிவரும் நேரத்தில் அந்த ஒன்பது வயல்களிலும் இலைகளில் புள்ளி விழுந்தது. ஊர் விவசாயிகள் கூடும் கமக்காரர் அமைப்பின் தலைவருக்கு வாய்க்காலின் தொடக்கத்தில், நல்ல மண்ணில் வயல் இருந்தது. அவர் வந்து வரம்பில் நின்று பார்த்தார்.

"எரிபந்தம்," என்றார், நெற்பயிரை எரித்ததுபோலக் கருக்கிவிடும் நோயின் பெயரைச் சொல்லி. "காத்தில பரவும். அறுத்துக் கொளுத்தாட்டி எங்கட வயலுகளும் போயிடும்."

கொளுத்துவதற்கு எங்கள் அலுவலகத்தின் எழுத்து வேண்டும். அதை எழுத வேண்டியவள் நான். என் மேலதிகாரி நல்ல மனிதர், ஆனால் சண்டைக்குப் பயந்தவர். படிவத்தை என் முன்னால் வைத்தார்.

"எல்லாரும் எரிபந்தம் எண்டுதானே சொல்லினம். நீரும் அப்பிடியே எழுதிக் குடும்."

"நான் இன்னும் பாக்கேல்ல, சேர்."

"பாத்தாலும் அதுதான்."

"பாத்திட்டுத்தான் எழுதுவன்."

அன்று மத்தியானம் வயலுக்குப் போனேன். ஒன்பது குடும்பங்களில் ஒன்றை நடத்திவந்த அக்கா ஒருவர் என்னுடன் வரம்பு வரம்பாக நடந்தார். எரிபந்தப் புள்ளி இரண்டு பக்கமும் கூராகி, நடுவில் சாம்பல் நிறமாக இருக்கும். இவை எள்ளுக் கொட்டியதைப்போல, சின்னதாக, உருண்டையாக, கபில நிறத்தில் இருந்தன. ஆனால் ஆரம்பத்தில் இரண்டு நோயும் ஒரே மாதிரித் தெரியும். கண்ணை நம்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"மிஸ், இதைக் கொளுத்தினா நாங்கள் என்னத்தைத் தின்னுறது?" என்றார் அக்கா. "பொய்யெண்டாலும் நல்லதா எழுதி விடுங்கோ."

"பொய் எழுத மாட்டன், அக்கா. எரிபந்தம் எண்டா எரிபந்தம் எண்டுதான் எழுதுவன்."

அவர் என்னை வரம்பில் விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

ஒன்பது வயல்களிலும் இலை வெட்டினேன். ஒப்பிட்டுப் பார்க்க வாய்க்காலின் தொடக்கத்திலிருந்த வயல்களிலும் வெட்டினேன். தலைவரிடம் மூன்று நாள் அவகாசம் கேட்டேன்.

"மூண்டு நாளில முழு வாய்க்காலும் போயிடும், பிள்ளை."

"போனா என்ர பேரில எழுதுங்கோ, ஐயா."

மரத்தடியில் நடந்த பள்ளிக்கூடம் ஒன்று தன் நுணுக்குக்காட்டியை இரவல் தந்தது. அதில் வெளிச்சத்தைத் திருப்புகிற கண்ணாடி உடைந்துபோயிருந்தது. என் பவுடர் டப்பாவின் கண்ணாடியைக் கழற்றிப் பசை நாடாவால் ஒட்டி வெயிலைப் பிடித்தேன். இலைத் துண்டுகளை நனைத்த சீலையில் பரப்பி, பீங்கான் கோப்பைகளால் மூடி, ஒவ்வொன்றிலும் வயலின் பெயரை எழுதினேன். பங்கசு என்கிற நோய்ப் பூஞ்சணம், வித்தி என்கிற நுண்விதையைப் போட ஈரம் வேண்டும். அடையாளம் பிடிக்க அந்த வித்தி வேண்டும்.

இரண்டாம் நாள் ஒன்றும் முளைக்கவில்லை. தலைவர் சொன்னதுதான் சரியென்றால், நான் கேட்ட மூன்று நாளில் ஒரு ஊரின் சோறு போயிருக்கும். கோப்பைகளை மூடிவிட்டுப் போய்த் தண்ணீர் அள்ளினேன், உடுப்புத் தோய்த்தேன்.

மூன்றாம் நாள் காலை புள்ளிகளின் மேல் கறுப்பு வெல்வெட்டைப்போல நுண்ணிய பூஞ்சணம். பசை நாடாவால் தொட்டெடுத்துத் தண்ணீர்த் துளியில் ஒட்டிப் பார்த்தேன். எரிபந்தத்தின் வித்தி பேரிக்காயைப்போல, நிறமில்லாமல், மூன்று அறைகளோடு இருக்கும். இது நீளமாக, கபில நிறமாக, வளைந்து, குறுக்கே பல சுவர்களோடு இருந்தது. என்னிடம் முன்பக்கங்கள் கிழிந்த ஒரு புத்தகம் இருந்தது. வித்திக்கு நிறம் உண்டா, சுவர் குறுக்கே மட்டுமா, நெடுக்கேயும் உண்டா என்று அது கேள்வி கேட்டுக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் திரும்பத் திரும்பப் பார்த்துப் பதில் சொன்னேன். முடிவில் கபிலப் புள்ளி நோய்க்கு வந்து நின்றது. ஒன்பது வயல்களிலும் அதுதான்.

தொடக்க வயல்களின் கோப்பைகளையும் பார்த்தேன். ஒன்றில் பேரிக்காய் வடிவ வித்தி இருந்தது. மூடியில் எழுதியிருந்த பெயரை இரண்டு தரம் வாசித்தேன்.

பின்னேரம் வெயில் சாய முன்னர் எல்லாரையும் கொட்டிலுக்கு வரச் சொன்னேன். முதலில் தலைவர் குனிந்தார்.

"என்ர கண்மயிர்தான் தெரியுது."

அக்கா பார்த்தார். கனநேரம் பார்த்தார். "வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு கிடக்கு. குறுக்கால கோடும் இருக்கு" என்றார். அதன் பிறகு தலைவரும் மறுபடி குனிந்து கண்டுபிடித்தார்.

"இது எரிபந்தமில்லை," என்றேன். "மண்ணில சத்தில்லாத இடத்தில வாற வருத்தம். கொளுத்தத் தேவையில்லை. இப்ப இதைப் பாருங்கோ."

அடுத்த கண்ணாடித் துண்டை வைத்தேன். அவர் பார்த்தார். "இது வேற மாதிரிக் கிடக்கு."

"இதுதான் எரிபந்தம்."

"எந்த வயல்?"

"உங்கட வயல், ஐயா. மேல் வரம்புப் பக்கம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப என்ர வயலைக் கொளுத்தச் சொல்லுறீரோ?"

"இல்லை. யூரியாவை நிப்பாட்டுங்கோ, அது கூடினா இந்த வருத்தமும் கூடும். வயலைக் காய விடாதேங்கோ. மற்றவையின்ர வயலைக் கொளுத்தச் சொன்னது நானில்லை."

போர்த் தடையால் உரப்பசளை கிடைக்காத காலத்தில் அவருக்கு யூரியா எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

படிவத்தில் இரண்டு வரிசையில் இரண்டு நோயையும் எழுதி, வயல்களையும் குறித்தேன். படம் பிடிக்க வசதி இல்லாததால் வித்திகளைப் பென்சிலால் வரைந்து இணைத்தேன். மேலதிகாரி வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"தலைவரின்ர வயலை விட்டிட்டு எழுதலாமே."

"ஆரின்ர வயலெண்டு பங்கசு பாத்து வாறேல்ல, சேர். நானும் பாத்து எழுதேலாது."

அவர் கையெழுத்துப் போடவில்லை. என் கையெழுத்தோடு மட்டும் அதை அனுப்பினேன்.

வயல்களைக் கொளுத்தவில்லை. அறுவடையில் பாதி பதராகப் போனது. மிச்சத்தில் கரும்புள்ளி விழுந்த நெல்லும் கலந்திருந்தது. அதைக் குற்றிச் சில மாதங்கள் சோறு சமைத்தார்கள். அடுத்த விதைப்புக்கு முன் அக்கா உமி எரித்த சாம்பலைக் கடகம் கடகமாகத் தன் வயலில் கொட்டினார். விதைநெல்லை வேறு ஊரிலிருந்து எடுத்தார். புள்ளி அந்தப் போகமும் வந்தது, குறைவாக.

தலைவர் என்மேல் முறைப்பாடு எழுதினார். அனுமதியில்லாமல் தன் வயலில் இலை வெட்டியதாகவும், கடற்கரைக்காரிக்கு நெல் தெரியாதென்றும். விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இலை வெட்டியது உண்மை என்று எழுதினேன். அதன் கீழே அதே இரண்டு நோய்களின் பெயரையும் திரும்ப எழுதி, வித்திகளை முன்னையதைவிடப் பெரிதாக வரைந்து அனுப்பினேன். பதில் வரவில்லை. நான் இன்னும் மூன்று வருடம் அந்த வாய்க்கால் கரையில்தான் வேலை செய்தேன்.