நூர்ஜஹான் மகனின் சி.ஆர்.பி.

கடந்த மழைக்காலம் முழுக்கத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் போய்வந்தேன். இருபத்தாறாம் வாரத்திலேயே பிறந்துவிட்ட என் மகள் அங்கே ஒரு மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். இதே வழியில் போக நேரும் அம்மாக்களுக்காக எழுதுகிறேன்.

சுமார் நாற்பது கிலோமீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் நெரிசல் என்றால் கூடுதல். முதல் நாள் பின்சீட்டுக்குப் போனேன். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்த நடத்துநர், "யக்கா, பின்னால தூக்கிப் போடும். முன்னாடி வந்து குந்துங்க" என்றார். நல்ல மனிதர்.

பக்கத்துப் பெட்டியில் கோட்டக்குப்பம் நூர்ஜஹானின் மகன். அவள் கணவர் துபாயில். தினமும் காலையில் மருத்துவர் சி.ஆர்.பி. என்று ஓர் அளவு சொல்வார். உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறுவது அது. இந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கிருமித்தொற்றின் அறிகுறி. என் மகளுக்கு ஏறிக்கொண்டே போனது.

"எங்களுக்கு நார்மலாம் யக்கா. உங்களுக்கு இன்னா சொன்னாரு?" என்று நூர்ஜஹான் கேட்டாள். "பாத்துக்கினு இருக்காங்க" என்றேன். வயிறு எரிந்தது. அதே வாரம், அதே எடை, அதே நர்ஸ். இவளுக்கு மட்டும் எப்படி? அவள் நீட்டிய டீயை நான் வாங்கவில்லை.

மருந்தை மாற்றிய பிறகு என் மகளுக்கு இறங்க ஆரம்பித்தது. அன்று மதியமே நூர்ஜஹானின் மகன் மூச்சு நின்று நின்று நீலம் பாரித்தான். சி.ஆர்.பி. அப்போதும் குறைவுதான்.

"இவ்ளோ சின்னக் கொழந்தைங்களுக்கு அது லேட்டா ஏறும், சில நேரம் ஏறவே ஏறாது. அத மட்டும் நம்ப முடியாதும்மா" என்றார் மருத்துவர்.

"நார்மல்னுதானே யக்கா சொன்னாங்க?" என்று நூர்ஜஹான் என்மேல் சாய்ந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாளும் நான் ஏங்கியது இந்த எண்ணுக்காகத்தான். என் மகளுக்கு இறங்கியதை அன்று அவளிடம் சொல்லவில்லை.

பையன் பிழைத்தான். எங்களுக்கு முன்பே வீட்டுக்கும் போனான். வழியனுப்பிவிட்டு வந்து, காலியான பெட்டியைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தேன்.

போகிறவர்களுக்கு: முன்சீட்டில் உட்காருங்கள். பீய்ச்சிய பாலை ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். எண்ணை மட்டும் கேட்காமல், குழந்தை எப்படி மூச்சுவிடுகிறது, பால் செரிக்கிறதா என்றும் கேளுங்கள். பக்கத்து அம்மா டீ கொடுத்தால் குடியுங்கள்.

என் மகளும் வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்று நூர்ஜஹான், பையன் குப்புற விழும் வீடியோ அனுப்பினாள். இவள் இன்னும் விழவில்லை. பொறாமையோடு திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு, "இன்னொன்னு அனுப்புடி" என்று எழுதினேன்.